ஒபரேஷன் சென்னையில், கிளினிக் ஹட்டனில்

ஒரு நாளைக்கு எத்தனை பிளேன்டீ குடிக்கிறீர்கள்? நிறை குறைப்புச் சத்திர சிகிச்சைக்காக மலையகத்திலிருந்து சென்னைக்குப் போகிறவரிடம் அங்குள்ள சர்ஜன் இதைக் கேட்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஹட்டனில் உள்ள டொக்டருக்கு இதைக் கேட்கவே தேவையில்லை. எழுந்ததும் ஒன்று, ரொட்டியோடு ஒன்று, சோறு சாப்பிட்ட கையோடு ஒன்று என்று அவரும் அப்படித்தான் குடிக்கிறார். ஒபரேஷனுக்குப் பிறகு உடம்பில் இரும்புச்சத்து சேருமா சேராதா என்பதில் அந்தக் கோப்பைக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னையோ கொழும்போ, எங்கே போய்ச் செய்துகொண்டாலும், ஊரில் தொடர்ந்து பார்க்க ஒருவர் வேண்டும் என்பதற்கு இது ஒரு சின்னக் காரணம்தான். பெரிய காரணங்கள் வயிற்றுக்குள் இருக்கின்றன.

அதிகம் செய்யப்படுவது ஸ்லீவ் எனப்படும் ஒபரேஷன். வயிறு நிறையச் சாப்பிட்டால் ஒரு லீட்டருக்கும் மேல் கொள்ளும் பை நமது இரைப்பை. அதன் உள்வளைவுப் பக்கம் ஒரு குழாயளவு விட்டு ஸ்டேப்ளரால் தைத்து, வெளிவளைவுப் பக்கத்தில் முக்கால்வாசிக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போல ஒரு குழாய். அது 100 முதல் 150 மில்லிலீட்டர் வரை பிடிக்கும், அதாவது ஒரு தேநீர்க் கோப்பை அளவு. இடம் குறைந்ததால்தான் ஆள் மெலிகிறார் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்த கிரெலின் என்ற பசி ஹோர்மோன் பெரும்பாலும் சுரப்பது, வெட்டி எடுக்கப்படும் அந்த மேல்பகுதியில்தான். ‘பசிக்குது’ என்று மூளைக்குச் சொல்லும் ஆளையே பாதி வெளியேற்றிவிடுகிறார்கள். பைபாஸ் முறையில் இன்னும் ஒருபடி மேலே போய், சுமார் 30 மில்லிலீட்டர் பிடிக்கும் சிறு பையை மட்டும் விட்டு, அதை நேரே சிறுகுடலோடு இணைப்பார்கள். சாப்பாடு சிறுகுடலின் முதல் பகுதியைத் தொடாமலே போய்விடும்.

சரி, ஊர் திரும்புகிறோம். கட்டுநாயக்கவுக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. அங்கிருந்து மலையேற வேனில் நான்கைந்து மணி நேரம் வேண்டும். ஆபத்து வானத்தைவிட இந்த ரோட்டில்தான் அதிகம். ஒபரேஷனுக்குப் பிறகு இரத்தம் இலகுவில் உறையும். காலை மடக்கி ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் கெண்டைக்கால் நாளத்தில் இரத்தக்கட்டி உருவாகி, அது நுரையீரலுக்குப் போகலாம். கினிகத்தேனையில் வேன் நிற்கும்போது மற்றவர்கள் வடை சாப்பிடட்டும், நோயாளி இறங்கி நடக்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ அது பயணக் களைப்பு இல்லை.

முதல் சில வாரங்களில் பயப்பட வேண்டிய இன்னொன்று, தைத்த இடம் கசிவது. இதில் வலியையும் காய்ச்சலையும் முந்திக்கொண்டு நாடித்துடிப்பு ஏறிவிடுவது உண்டு. சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்கு 120ஐத் தாண்டி அடித்தால், கூடவே வயிற்றிலோ இடது தோளிலோ வலி இருந்தால், தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து வாங்கிக்கொண்டு படுத்துவிடக் கூடாது. 1990 அம்புலன்ஸுக்கு அழைத்து, சர்ஜன் இருக்கும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வயிற்றுக் கோளாறுக்கு ஏன் தோள் வலிக்கிறது என்றால், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்துக்கும் தோளுக்கும் போகும் நரம்புகள் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து புறப்படுகின்றன. மூளைக்கு எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிவதில்லை.

இந்தக் கண்டம் தாண்டிய பிறகு தொடங்குவது வேறு வகையான கணக்கு. வீட்டில் சாமான் வைத்திருக்கும் விதத்தை நினைத்துப் பாருங்கள். பாண் அன்றன்றைக்கு வாங்குவோம், அரிசி மாதத்துக்கு, உப்பு எப்போது வாங்கியது என்றே ஞாபகம் இருக்காது. உடம்பும் சத்துகளை அப்படித்தான் வைத்திருக்கிறது. எதன் கையிருப்பு எப்போது தீரும் என்பதைப் பொறுத்துத்தான் கிளினிக் நாட்கள் குறிக்கப்படுகின்றன.

பாண் போன்றது விட்டமின் பி1. கையிருப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் தாங்காது. ஒபரேஷன் செய்தவர் ஏற்கனவே கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறார். விடாமல் வாந்தியும் வந்தால் அதுவும் காலி. உடனே நாம் என்ன செய்வோம்? ‘ஆள் துவண்டு போய்விட்டார், ஒரு சேலைன் ஏற்றுவோம்’ என்று டவுனுக்குக் கூட்டிப்போவோம். இங்கேதான் எனக்குப் பயம். சேலைன் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் உப்புத் தண்ணீரும் உண்டு, குளுக்கோஸ் கலந்ததும் உண்டு. குளுக்கோஸை எரித்துச் சக்தியாக்க பி1 தேவை. பி1 வற்றிய உடம்பில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சமிருந்த துளியும் செலவாகி மூளை பட்டினி கிடக்கும். கண்கள் ஆடும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். 1881இல் கார்ல் வேர்னிக்கே விவரித்த நோய் இது. பிந்தினால் ஞாபகசக்தி திரும்பாமலே போகலாம். ஆகவே பி1 ஊசி முதலில், அல்லது குறைந்தது குளுக்கோஸோடு சேர்த்து. ஆனால் எதிரே இருக்கும் டொக்டருக்கு இவருடைய வயிறு வெட்டப்பட்டது என்று தெரிந்தால்தானே இதெல்லாம் நடக்கும்! (பி1 குறைவால் வரும் இன்னொரு நோயான பெரிபெரியின் பெயர் சிங்களத்திலிருந்து போனது என்று அகராதிகள் சொல்கின்றன. ‘முடியாது, முடியாது’ என்று அர்த்தம். நம் தீவு உலக மருத்துவத்துக்குக் கொடுத்த சொல் இப்படியா இருக்க வேண்டும்.)

அரிசி போன்றது இரும்புச்சத்து. மாதக் கணக்கில் தீரும். காய்கறி, கீரை, பருப்பில் உள்ள இரும்பைக் கரைத்து உறிஞ்சத்தக்கதாக மாற்றுவது இரைப்பை அமிலம். ஸ்லீவில் அது குறைகிறது. உறிஞ்சுவது பெரும்பாலும் சிறுகுடலின் முதல் பகுதி. பைபாஸில் அதையே தாண்டிவிடுகிறோம். இதற்கு மேல் சாப்பாட்டோடு பிளேன்டீ. தேயிலையின் துவர்ப்புப் பொருட்கள் இரும்போடு ஒட்டிக்கொண்டு, அந்த வேளைச் சாப்பாட்டிலிருந்து கிடைக்க வேண்டிய இரும்பைப் பாதிக்கும் மேல் குறைத்துவிடும். தேநீரை விடச் சொல்லி மலையகத்தில் யாரையும் நம்மால் மாற்ற முடியாது, தேவையும் இல்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் போதும், சீனி இல்லாமல். கல்சியம் மாத்திரையும் இரும்பு மாத்திரையும் ஒன்றாக விழுங்காமல் இரண்டு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். அமிலம் குறைந்த வயிற்றுக்குக் கல்சியம் காபனேற்றைவிடக் கல்சியம் சிற்றேற் பொருந்தும்.

பழைய மருந்துகளின் கணக்கும் மாறும். நிறை இறங்க ஆரம்பிக்கும் முன்பே, முதல் சில நாட்களிலேயே சீனி வருத்தம் தணியத் தொடங்கும். பழைய அளவில் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தால் மயங்கி விழ வேண்டியதுதான். பிரஷர் மாத்திரையும் அப்படியே. இதைச் சென்னையிலிருந்து வாட்ஸ்அப்பில் சரிசெய்ய முடியாது. கொழுந்துக்கூடை சுமந்த இடுப்புக்கு டைக்ளோபெனாக் போட்டுப் பழகியவர்கள் அதை நிறுத்த வேண்டும். குறிப்பாகப் பைபாஸ் செய்தவருக்கு, இணைத்த இடத்தில் அது புண்ணைக் கிளப்பும். வலிக்குப் பெனடோல் போதும்.

ஆகவே டிக்கெட் போடுவதற்கு முன்பே ஊரில் ஒரு டொக்டரைப் பிடியுங்கள். திரும்பி வந்து தேடினால், வேறொருவர் செய்த ஒபரேஷனுக்குப் பொறுப்பெடுக்கச் சிலர் தயங்குவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. முன்பே போனால் இரும்பு, பி12, விட்டமின் டி அளவுகளைப் பார்த்து, குறைவைச் சரிசெய்தே அனுப்புவார். அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக் இலவசம், பதிவும் இருக்கும். சில இரத்தப் பரிசோதனைகளைத் தனியார் லேப்பில் செய்ய வேண்டி வரலாம். அங்கிருந்து வரும்போது என்ன ஒபரேஷன், என்ன அளவில் வெட்டினார்கள் என்ற கடிதம் கட்டாயம். மருந்துகளைப் பிராண்ட் பெயரில் எழுதினால் இங்குள்ள பார்மசியில் விழிப்பார்கள். மருந்தின் மூலப்பெயரைக் கேட்டு வாங்குங்கள். 3, 6, 12 மாதங்களில் இரத்தப் பரிசோதனை, அப்புறம் வருடம் ஒருமுறை.

உப்பைப் பற்றிச் சொல்லவில்லையே. அது பி12. ஈரலில் வருடக்கணக்குக்கு இருப்பு இருக்கும். அதை உறிஞ்சத் துணை செய்யும் புரதமும் அதே இரைப்பையில்தான் சுரக்கிறது; அது குறைந்துவிட்டதால் வரவு சுருங்கி, இருப்பு மெல்ல மெல்லக் கரையும். சீனி வருத்தத்துக்கான மெட்போமினும் எடுத்தால் இன்னும் சீக்கிரம். மூன்று நான்கு வருடம் கழித்து, ஆள் மெலிந்து, ஒபரேஷனையே மறந்திருக்கும் நேரத்தில் உள்ளங்கால் மரத்துப்போகும். பழைய சீனி வருத்தத்தின் கைவரிசை என்று புதிதாக மாற்றலாகி வந்த டொக்டர் எழுதிவிடக்கூடும். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எந்த வருடம், எந்த ஒபரேஷன் என்று சிவப்பு மையில் ஒரு வரி இருந்தால், அவர் பி12க்கும் சேர்த்துத் துண்டு எழுதுவார்.