பிள்ளைகள் வரைந்த படத்தை லேமினேஷன் போடாதீர்கள்

பாம்பன், மண்டபம், கீழக்கரை என்று கடலோரத் தெருக்களில் சிறுவர் ஓவியக்கூடம் தொடங்குகிறவர்கள் முதலில் ஓடுவது லேமினேஷன் கடைக்குத்தான். உப்புக்காற்று அண்டாது, காலத்துக்கும் இருக்கும் என்கிறார்கள். இருக்காது. இன்னும் எத்தனை தடவைதான் சொல்வது!

லேமினேஷன் மெஷினின் உருளை 100 டிகிரிக்கு மேலும் சூடேறும். கிரேயான் மெழுகு 60 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும். பிள்ளை தீட்டிய கடல்நீலம் படகுக்குள் வழிந்து, கலங்கித்தான் வெளியே வரும். ஐப்பசி, கார்த்திகையில் தாள் ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும். அதையும் சேர்த்து உள்ளே அடைக்கிறீர்கள். ஓரத்தை ஒட்ட வெட்டினால் அந்த வெட்டு வழியே புது ஈரமும் ஏறும். பிறகு புள்ளிபுள்ளியாகப் பூஞ்சணம். பிரிக்கப் பார்த்தால் தாளின் மேல்தோல் பிளாஸ்டிக்கோடு உரிந்து வரும்.

படத்தை முதலில் போட்டோ எடுத்துவிடுங்கள். நன்றாக வெயிலடிக்கும் நாளில், கெட்டி அட்டைமேல் வைத்து, மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் மெல்லிய தாள்பட்டையும் மைதா பசையும் கொண்டு ஒட்டுங்கள். பசையில் மயில்துத்தம் கூடவே கூடாது. போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சிக்காகக் கலப்பது அது, விஷம். நாலு வயதுப் பிள்ளை விரல் சப்பும். துத்தம் இல்லாவிட்டால் ராமபாணப் பூச்சி வரும்தான். பசையைப் பொட்டளவோடு நிறுத்தி, மாதம் ஒருமுறை பின்பக்கம் பாருங்கள்.

முன்னால் கண்ணாடி வேண்டாம், உடைந்தால் பிள்ளைகள் காலில் குத்தும். 3 மி.மீ. அக்ரிலிக் தகடு போதும். அது படத்தைத் தொடாதபடி சுற்றிலும் அட்டைத் துண்டு கொடுங்கள். படச்சட்டத்துக்குப் பின்னால் நாலு மூலையிலும் பழைய ரப்பர் செருப்பை வெட்டி ஒட்டினால் சுவரை விட்டு அரை அங்குலம் தள்ளி நிற்கும், காற்று ஓடும். குண்டூசி, ஸ்டேப்ளர் பின் இரண்டும் இங்கே துருப்பிடித்துத் தாளில் பழுப்பு வளையம் போட்டுவிடும்.

ஐந்து வயதுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்தில் இருக்கும். படத்தின் நடுப்பகுதி அங்கேதான் வரவேண்டும். ஐந்தடியில் மாட்டினால் தான் வரைந்ததையே பிள்ளை அண்ணாந்துதான் பார்க்கும்.

அலங்காரத்துக்குப் பவளக்கல் வேண்டாம், தயவுசெய்து. கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும் எடுக்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பவளத்துக்கும் உண்டு. சமையலில் மிஞ்சும் மட்டி ஓடே தாராளம். மூன்று நாள் நல்ல தண்ணீரில் ஊறவிட்டு, தினமும் தண்ணீர் மாற்றி, நிழலில் உலர்த்திய பிறகு ஒட்டுங்கள். உப்புப் போகாத ஓடு மழைக்காலத்தில் வேர்த்து, அடியிலிருக்கும் வண்ணத்தைக் கரைத்துவிடும்.