வறட்சியில் முதலில் குறிக்க வேண்டியது ஒரு நீர்மட்டம்

வறட்சி எந்த நாளில் தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. பெருஞ்சேதத்துக்கு இதுவே பாதிக் காரணம். மழைக்காலம் பாதி கழிந்த பின்னும் "அடுத்த வாரம் பெய்துவிடும்" என்று காத்திருப்போம். அதற்குள் குளம் அடிமட்டத்துக்குப் போயிருக்கும். தீவன விலை ஏறியிருக்கும், எல்லோரும் ஒரே வாரத்தில் மாடுகளைச் சந்தைக்கு ஓட்டியிருப்பார்கள்.

எல் நினோ ஆண்டுகளில் பசிபிக் பெருங்கடலின் நடுவிலும் கிழக்கிலும் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகி, மழை மேகங்கள் இடம் மாறுகின்றன. உயர் காற்றழுத்தம் ஒரே இடத்தில் வாரக்கணக்கில் நிலைத்தாலும் மழை விலகிப் போகும். வெப்பம் இதைக் கூட்டுகிறது. காற்றின் வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், அது கொள்ளக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். அதே அளவு மழை பெய்தாலும் மண் முன்னைவிட வேகமாகக் காய்வது இதனால்தான். மிச்சம் நம் கைவரிசை: ஊறுவதைவிட அதிகமாக உறிஞ்சுவது, நீர்நிலையைத் தூர்ப்பது, மண்ணை வெறுமையாக விடுவது.

முதலில் மண் காயும், பிறகு ஓடை, கடைசியில் நிலத்தடி நீர். மீள்வதும் இதே வரிசையில்தான். மழை அந்த இடத்தின் நீண்டகால வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகியது என்று காட்டுவது தரப்படுத்தப்பட்ட மழைக் குறியீடு. அது -1.5க்குக் கீழே போனால் கடும் வறட்சி, -2க்குக் கீழே மிகக் கடுமை. பயிருக்கு, கடைசி 3 மாத மழையை வைத்துக் கணக்கிட்ட குறியீட்டைப் பாருங்கள். அணைக்கும் கிணற்றுக்கும் 12 மாதக் குறியீடு பொருந்தும்.

"இந்தத் தேதியில் நீர் இந்த மட்டத்துக்குக் கீழே இருந்தால் இதைச் செய்வோம்" என்று மழைக்காலத்துக்கு முன்பே எழுதி வைப்பதுதான் மேலாண்மையின் அடிப்படை. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன், அணைகளின் இருப்பு 13.5 சதவீதத்தைத் தொட்டால் வீட்டுக் குழாய்களை மூடுவோம் என்று வெளிப்படையாக அறிவித்தது. 2018 பிப்ரவரியில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று வரம்பும் வைத்தது. எல்லை கண்ணுக்குத் தெரிந்ததால் மக்கள் சிக்கனத்துக்கு வந்தார்கள், அந்த நாளும் வராமல் போனது.

நீர்க் கணக்கு எளியது. 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 20 மி.மீ. பெய்து, 80 சதவீதம் பிடித்தால் 1,600 லிட்டர். முதலில் வரும் 100 முதல் 200 லிட்டரை வெளியே விடுங்கள், கூரை அழுக்கு அதில்தான் இருக்கும். இழப்பையும் கணக்கில் எடுங்கள். 1,000 சதுர மீட்டர் பரப்புள்ள குட்டையிலிருந்து நாளுக்கு 6 மி.மீ. ஆவியானால், மாதத்துக்கு 1.8 லட்சம் லிட்டர் போய்விடும். இரண்டு குட்டைகளில் கொஞ்சம் கொஞ்சம் கிடந்தால், எல்லாவற்றையும் ஆழமானதற்கு மாற்றுவதே மேல்.

நீர் பாதிதான் என்றால், எல்லா வயலுக்கும் அரைகுறையாகப் பாய்ச்சாதீர்கள். பரப்பைக் குறைத்து, பூக்கும் பருவத்துக்கு நீரைக் காப்பாற்றி வையுங்கள். மண்ணை மூட வைக்கோல், சருகு போன்றவற்றைப் பரப்பும் மூடாக்கு 5 முதல் 10 செ.மீ. தடிமன் போதும். ஆனால் மண்ணை நனைத்த பிறகே போட வேண்டும். காய்ந்த மண்மேல் போட்டால் தூறலை மூடாக்கே குடித்துவிடும்.

கால்நடை விஷயத்தில் நடக்கும் தவறு உயிரை வாங்குகிறது. வாடிய சோளப் பயிரில், குறிப்பாக இளந்தளிரில், சயனைடு நஞ்சு உருவாகும். நிமிடங்களில் மாடு மூச்சுத் திணறி விழும், ரத்தம் பளிச்சென்ற சிவப்பாக இருக்கும். நைட்ரேட் நஞ்சு வேறு வகை: தண்டின் அடிப்பகுதியில் சேரும், ரத்தம் பழுப்பேறும். அறுத்து நன்றாகக் காயவைத்தால் சயனைடு பெருமளவு குறையும், நைட்ரேட் குறையாது. "காயவைத்துவிட்டோம், பயமில்லை" என்று நம்பி மாட்டை இழப்பவர்கள் இந்த வேறுபாட்டைத்தான் தவறவிடுகிறார்கள். தரையிலிருந்து ஒரு சாண் விட்டு அறுங்கள். வாடிய பயிருக்கு மேலுரமாக யூரியா போடாதீர்கள். வெறும் வயிற்றோடு பச்சைத் தீவனத்தில் விடாமல், முதலில் உலர்தீவனம் கொடுங்கள். சந்தேகம் வந்தால் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அறிகுறி தெரிந்தால் கைவைத்தியத்தில் நேரம் கழிக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள், இரண்டு நஞ்சுக்கும் மருந்து தனித்தனி. வற்றும் குட்டையில் பச்சைப் படலம் மிதந்தால் அதிலும் நஞ்சு இருக்கலாம், மாட்டை இறக்க வேண்டாம்.

ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் காற்றை இழுக்கத் தொடங்கினால், குழாயை இன்னும் கீழே இறக்குவதற்கு முன் யோசியுங்கள். ஓட்டும் நேரத்தைக் குறைத்து, இடைவெளி விட்டு இறையுங்கள். நீரில்லாமல் ஓடினால் தானாக நிற்கும் கருவியைப் பொருத்துங்கள். கடலோரத்தில் இன்னும் கவனம் வேண்டும். அங்கே நன்னீர் மட்டம் 1 மீட்டர் இறங்கினால், அடியிலுள்ள உப்புநீர் ஏறத்தாழ 40 மீட்டர் மேலேறக்கூடும். ஒருமுறை உப்பேறிய கிணறு சுலபத்தில் தெளியாது.

முதல் நல்ல மழையோடு கட்டுப்பாட்டைத் தளர்த்திவிடாதீர்கள். இறுகிய மண்ணில் அந்த மழை ஊறாமல் ஓடும், அழுக்கை அடித்துக்கொண்டு குடிநீர்க் கிணற்றில் கலக்கும். சயனைடு அதிகம் உள்ள சோளத் தளிரும் அந்த மழைக்குத்தான் துளிர்க்கும். வாரம் ஒருமுறை, காலையில் மோட்டார் போடுவதற்கு முன், கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து குறியுங்கள். நான்கைந்து வாரம் தொடர்ந்து ஏறினால் பாசன நேரத்தைக் கொஞ்சம் கூட்டலாம்.