கவர் லெட்டர்: ரெஸ்யூம் கிளப்பும் சந்தேகத்துக்குப் பதில்

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ரெஸ்யூமோடு வரும் கவர் லெட்டர்களில் பெரும்பாலானவற்றை யாரும் படிப்பதில்லை. ஹெச்.ஆர். முதலில் திறப்பது ரெஸ்யூமைத்தான். கேட்ட படிப்பும் அனுபவமும் அப்படியே இருந்தால், கடிதத்தைத் தொடாமலே ஃபோன் போட்டுவிடுவார். துளியும் பொருந்தாவிட்டால் மூடிவிடுவார். இரண்டுக்கும் நடுவே ஒரு குவியல் இருக்கிறது: "ஆள் பரவாயில்லை, ஆனால் இது ஏன் இப்படி?" என்று கேட்க வைக்கும் ரெஸ்யூம்கள். நடுவில் இரண்டு வருடம் காணோம், படித்தது ஒன்று செய்தது வேறொன்று, முகவரி மதுரை ஆனால் கேட்பதோ ஓசூர் வேலை. கடிதம் வேலை செய்வது இந்தக் குவியலில்தான். அதனால் எழுதுவதற்கு முன் உங்கள் ரெஸ்யூமை முன்பின் தெரியாத ஆள்போல ஒருமுறை பாருங்கள். எந்த வரியில் கேள்வி எழுகிறதோ, அந்தக் கேள்விக்குத்தான் கடிதம் பதில் சொல்ல வேண்டும். ரெஸ்யூமில் இருப்பதையே வாக்கியமாக நீட்டி எழுதினால் இரண்டு பேருக்கும் நேரம் வீண்.

வடிவம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மின்னஞ்சலில் விண்ணப்பித்தால் மின்னஞ்சலின் உள்ளே எழுதும் பகுதிதான் கடிதம். அதை வெறுமையாக விட்டு, கடிதத்தைத் தனிக் கோப்பாக இணைத்தால் திறக்க மாட்டார்கள். மூன்று நான்கு பத்தி, இருநூறு முதல் இருநூற்றைம்பது சொல். தலைப்பு வரியில் பதவியின் பெயரை முதலில் போடுங்கள், பிறகு உங்கள் பெயர், அனுபவம், எத்தனை நாளில் சேர முடியும் என்பது. கைபேசியில் தலைப்பின் முன்பகுதிதான் தெரியும். ரெஸ்யூம் பி.டி.எஃப். ஆகவும், கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் பதவியும் இருக்கட்டும். 'நியூ ஃபைனல் 2' என்ற பெயரில் வரும் கோப்பு, இறக்கிய மறுநிமிடம் தொலைந்துபோகும். நாற்பது கம்பெனி முகவரிகளை ஒரே மடலில் வரிசையாகப் போட்டு அனுப்புவதும், முந்தைய கம்பெனியின் பெயரை மாற்ற மறப்பதும் இன்றும் நடக்கிறது. இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: சாட்ஜிபிடி எழுதித் தந்ததில் 'கம்பெனி பெயரை இங்கே இடவும்' என்ற சதுர அடைப்புக்குறி அப்படியே நிற்பது. அந்தக் கருவியைப் பயன்படுத்துவதில் தப்பில்லை. உங்கள் விவரம் எதையும் கொடுக்காமல் கேட்டால், நூறு பேருக்கும் ஒரே "மிகுந்த ஆர்வத்துடன்" கடிதத்தைத்தான் தரும்.

படிப்பை முடித்து முதல் வேலை தேடுபவரைப் பற்றிக் கம்பெனிக்கு இருக்கும் சந்தேகம் எளிமையானது: சொல்லிக் கொடுத்தால் பிடித்துக்கொள்வாரா, மூன்று மாதத்தில் ஓடிவிடுவாரா? "குயிக் லேர்னர், ஹார்ட் வொர்க்கர், டீம் பிளேயர்" என்று எழுதுவது இதற்குப் பதிலாகாது. கல்லூரி புராஜெக்ட்டை நான்கு பேர் செய்திருப்பீர்கள். அதில் உங்கள் கை பட்ட பகுதி எது என்று எழுதுங்கள். கோவையில் ஒரு மெஷின் ஷாப்புக்கு எழுதும் டிப்ளமோ மெக்கானிக்கல் மாணவர், "ஃபானுக் கன்ட்ரோலரில் ஜி கோடு நானே எழுதி, படிக்கட்டு வடிவத் தண்டு ஒன்றைக் கடைந்தேன், விட்டம் 0.02 மி.மீ.க்குள் வந்ததை மைக்ரோமீட்டரில் சரிபார்த்தேன்" என்றால் ஃபோர்மேனுக்குப் போதும், அடுத்த வரியைப் படிப்பார். அரியர் இருந்து முடித்துவிட்டீர்கள் என்றால் எந்த செமஸ்டரில் முடித்தீர்கள் என்று ஒரே வரி. பத்தாவது முதல் டிகிரி வரை 60 சதவீதம் என்று கறாராகக் கேட்கும் இடத்துக்கு அது இல்லாமல் எழுதிப் பயனில்லை. அங்கே வடிகட்டுவது மென்பொருள், கடிதம் அதன் கண்ணில் படாது.

அப்ரென்டிஸ் பயிற்சி கேட்டு எழுதுவதை நம் பிள்ளைகள் ஏனோ கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள். 1961 அப்ரென்டிஸ் சட்டத்தின்படி, முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆட்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பயிற்சியாளர்களை எடுத்தாக வேண்டும். அதாவது ஸ்ரீபெரும்புதூரிலோ ஓசூரிலோ உள்ள நடுத்தர ஆலைக்கு அந்த எண்ணிக்கையை நிரப்பும் தேவை இருக்கிறது. "உங்கள் ஆலையில் ஓராண்டு அப்ரென்டிஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறேன், மத்திய அரசின் அப்ரென்டிஸ் பயிற்சித் தளமான நேட்ஸில் பதிவு செய்திருக்கிறேன்" என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டால், பொத்தாம்பொதுவாக வேலை கேட்கும் கடிதங்களிலிருந்து உங்களுடையது தனியாகத் தெரியும்.

மிக அதிகமாகச் சொதப்பப்படுவது இடைவெளி விவகாரம். பிரசவம், குழந்தை வளர்ப்பு, பெற்றோரின் நோய், போட்டித் தேர்வுக்கான தயாரிப்பு என்று காரணம் எதுவானாலும், ஒன்று முழுக்க மறைக்கிறார்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கத்துக்குக் குடும்பக் கதை எழுதுகிறார்கள். மறைப்பதில் இருக்கும் ஆபத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். பழைய கம்பெனியில் வேலை பார்த்த மாதங்களை நீட்டிப் போட்டால், பின்னணிச் சரிபார்ப்பில் பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத எண்) விவரத்தைக் கேட்பார்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டும் அதில் இருக்கும். வேலை கிடைத்த பிறகு இது தெரிந்தால், இடைவெளிக்காக யாரும் நீக்க மாட்டார்கள், பொய்க்காக நீக்குவார்கள்.

கடிதத்தில் நான்கு வாக்கியம் போதும். காரணத்துக்கு ஒன்று, நோயின் பெயர், ஆஸ்பத்திரி விவரம் வேண்டாம். அந்தக் காலத்தில் வேலையோடு ஒட்டி நடந்தவற்றுக்கு இரண்டு. இப்போது தயார் என்பதற்கு ஒன்று. கணக்குத் துறைக்குத் திரும்பும் ஒருவர் இப்படி எழுதலாம்: "குழந்தை வளர்ப்புக்காக 2021 முதல் மூன்று ஆண்டுகள் வேலையிலிருந்து விலகியிருந்தேன். கடைசி ஓராண்டாக வீட்டிலிருந்தபடி இரண்டு கடைகளுக்கு மாதாந்திர ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் செய்து வருகிறேன். டேலி பிரைம் பதிப்பில் பயிற்சி முடித்திருக்கிறேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு ஆகிவிட்டது, முழுநேரமாக, அலுவலகத்துக்கு வந்தே வேலை செய்ய முடியும்." கடைசி வாக்கியத்தைப் பலர் எழுத மறுக்கிறார்கள், அது யாரும் கேட்கக் கூடாத கேள்வி என்பதால். நியாயம்தான். ஆனால் கேட்காமலே மனதுக்குள் முடிவெடுத்து ஒதுக்கிவிடுகிறார்கள் என்பதால், எழுதிவிடுவதே நல்லது என்பது எங்கள் கட்சி. நான்கு வருடம் டி.என்.பி.எஸ்.சி. எழுதியவர்களும் கூச்சப்பட வேண்டியதில்லை. "அந்த முயற்சியை நிறுத்திவிட்டேன்" என்று தெளிவாக எழுதுங்கள். அடுத்த நோட்டிபிகேஷன் வந்தால் போய்விடுவாரோ என்பதுதான் எதிரில் இருப்பவரின் பயம்.

ஆட்குறைப்பில் வேலை போனவர்களுக்கு இரண்டு வரி: எந்த மாதம், எந்தக் காரணத்துக்காக (அணி முழுவதும் கலைக்கப்பட்டது, புராஜெக்ட் முடிந்தது). ரிலீவிங் லெட்டர் கையில் இருந்தால் அதையும் சொல்லுங்கள். பழைய கம்பெனியைத் திட்டி ஒரு சொல்கூட வேண்டாம்.

துறை மாறுகிறவர் எழுதுவது கொஞ்சம் நுட்பமான வேலை. ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் மூன்று வருடம் இருந்துவிட்டு சாஃப்ட்வேர் டெஸ்டிங்குக்கு வருபவர், "சிறு வயது முதலே கம்ப்யூட்டரில் ஆர்வம்" என்று ஆரம்பித்தால் அங்கேயே தோற்றுவிடுகிறார். பழைய வேலையில் செய்ததைப் புதிய துறை பேசும் மொழியில் வைக்க வேண்டும். வாடிக்கையாளர் புகாருக்கு எட்டுப் படி 8டி அறிக்கை எழுதியவர், பிழையின் மூலகாரணத்தைத் தேடிப் பழகியவர். எந்தக் கட்டத்தில் எதைச் சரிபார்ப்பது என்று கன்ட்ரோல் பிளான் தயாரித்தவருக்கு டெஸ்ட் கேஸ் எழுதுவது அந்நியமாக இருக்காது. இந்த இணைப்பை நீங்கள்தான் போட்டுக் காட்ட வேண்டும், ஹெச்.ஆர். உட்கார்ந்து யோசிக்க மாட்டார். கூடவே, புதிய துறையில் நீங்களாகச் செய்த ஒன்றுக்குச் சான்று வேண்டும்: டெஸ்டிங் கருவியான செலீனியத்தில் எழுதிய சிறு புராஜெக்ட்டின் கிட்ஹப் இணைப்பு போன்றது. சான்றிதழ் படிப்பு மட்டும் இருந்தால் எடை குறைவு. ஆரம்பநிலைச் சம்பளத்துக்கு ஒப்புக்கொள்வீர்கள் என்றால் அதையும் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் பழைய சி.டி.சி.யை (ஆண்டு மொத்தச் சம்பளத்தை) பார்த்துவிட்டுக் கூப்பிடவே மாட்டார்கள்.

தெரிந்தவர் மூலம் விண்ணப்பித்தால் அவர் பெயர் முதல் வாக்கியத்தில், அவர் அனுமதியோடு. நீங்களே முன்பு அந்தக் கம்பெனியின் தளத்தில் விண்ணப்பித்திருந்தால் பரிந்துரை செல்லாமல் போவது பல இடங்களில் உண்டு. நண்பரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

விளம்பரமே இல்லாத இடத்துக்கு எழுதும் கடிதம் நூற்றிருபது சொல்லைத் தாண்டக் கூடாது. பொது முகவரிக்கு அனுப்பாமல், லிங்க்ட்இன்னில் பார்த்து அந்தப் பிரிவின் மேலாளருக்கு எழுதுங்கள். அந்த நிறுவனம் சமீபத்தில் செய்த ஒன்றை (புதிய யூனிட், புதிய இயந்திரம்) குறிப்பிட்டு, அதில் உங்களால் என்ன முடியும் என்று இரண்டு வரி எழுதிவிட்டு, பத்து நிமிடம் பேச முடியுமா என்று கேளுங்கள். சிறு நிறுவன முதலாளிக்குத் தமிழிலேயே எழுதலாம். பலருக்கு அதுவே பிடிக்கும்.

அரசு உதவிபெறும் கல்லூரி, பல்கலைக்கழகம் போன்றவை வேறு ரகம். விளம்பர எண், தேதி, இணைப்புகளின் வரிசைப் பட்டியல் இருந்தாக வேண்டும். ஏற்கெனவே அரசுப் பணியில் இருந்தால் உரிய வழியாக (மேலதிகாரி மூலம்), தடையின்மைச் சான்றோடு. இங்கே நடைநயம் காட்ட வேண்டாம்.

வளைகுடா வேலைக்கு எழுதும்போது, எந்த நாட்டில் எத்தனை வருடம், எந்த வகைப் புராஜெக்ட், விசா நிலை, எப்போது சேர முடியும் என்பவை முதல் பத்தியிலேயே வரட்டும். பாஸ்போர்ட், ஆதார் நகல்களை முதல் கடிதத்தோடு அனுப்பாதீர்கள். ஏஜென்ட் வழியாகப் போனால் அவர் பதிவு எண்ணை வாங்கி, வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். இன்டர்வியூ எதுவும் இல்லாமல் கடிதத்துக்குப் பதிலாக ஆஃபர் லெட்டரே வந்து, "டெபாசிட்" கேட்டால் அந்த உரையாடலை அங்கேயே நிறுத்துங்கள்.

அனுப்பி ஏழு வேலைநாள் கழிந்தும் பதில் இல்லையென்றால், அதே மின்னஞ்சல் தொடரிலேயே இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். புதிய மடலாக அனுப்பினால் முந்தையதைத் தேட வேண்டியிருக்கும். இடையில் உங்கள் நோட்டீஸ் காலம் தொண்ணூறிலிருந்து முப்பது நாளாகக் குறைந்திருந்தால் அதையும் அதில் சேருங்கள், அந்த ஒரு தகவலுக்காகவே திரும்பக் கூப்பிடுவதுண்டு. அதற்கும் பதில் வராவிட்டால் மூன்றாவது மடல் வேண்டாம்.