அணைக்கு அடியில ஒரு ஈரத்திட்டு, அதுக்கு எதுக்கு இவ்ளோ பணம்?

"புயல் போயிடுச்சு, அணை அப்படியே நிக்குது, கரைக்குப் பின்னாடி அடியில கொஞ்சம் ஈரம், அவ்ளோதான், இதுக்குப் போய் மாநகராட்சி இவ்ளோ பணம் ஒதுக்கணுமா"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான், ஆனா எனக்கு பயமே அந்த ஈரத்துலதான்.

அலை மோதி கல் பதிப்பு பேர்ந்து போறது, தண்ணி மேல வழிஞ்சு பின்பக்கச் சரிவை அரிச்சு எடுக்குறது, இதெல்லாம் கண்ணுக்குத் தெரியுற சேதம், போட்டோ எடுக்கலாம், டெண்டர் விடலாம். உள்ள நடக்குறதுதான் வேற கதை.

மண் அணைன்னா கசியத்தான் செய்யும், அதுல தப்பில்ல. ஆனா நீர்மட்டம் ஏறினா உள்ள அழுத்தமும் ஏறும். தண்ணியில ஊறின மணல் தண்ணியை விட சுமார் 2 மடங்கு கனம், முங்கியிருக்கும்போது மிதப்பு விசை அதுல பாதியை எடுத்துக்கும். அதனால கீழருந்து மேல வர்ற தண்ணி, 1 மீட்டர் மண்ணைத் தாண்ட 1 மீட்டர் உயரத் தண்ணியோட அழுத்தத்தை செலவழிச்சா போதும், மணலுக்கு எடையே இல்லாத மாதிரி ஆகி, கொதிக்குற மாதிரி பொங்க ஆரம்பிச்சுடும். முதல் துகள் வெளிய போகும். தண்ணி மண்ணுக்குள்ள போற தூரம் கொஞ்சம் குறையும், தூரம் குறைஞ்சா தண்ணியோட இழுப்பு கூடும், அடுத்த துகள் இன்னும் சுலபமா போகும், பக்கத்துல கசியுற தண்ணியும் இந்தப் பக்கம் திரும்பும். ஓட்டை வெளியில ஆரம்பிச்சு உள்நோக்கி, ஏரியைத் தேடிப் போகும், எலி வளை தோண்டுற மாதிரி. இதுக்குப் பேர் பைப்பிங்.

1976 ஜூன் 5, அமெரிக்காவுல ஐடஹோ மாநிலத்து டீட்டன் அணையை உள்ளருந்து அரிச்சதும் இந்த வகை அரிப்புதான். புயல் கூட இல்ல, முதல் தடவையா தண்ணி நிரப்பிட்டு இருந்தாங்க. காலையில கலங்கல் கசிவு, மதியம் 12 மணிக்குள்ள அணை உடைஞ்சுடுச்சு. ஓட்டையை அடைக்கப் போன 2 புல்டோசரும் உள்ள போச்சு, ஓட்டினவங்க தப்பிச்சாங்க, ஆனா வெள்ளத்துல 11 பேர் செத்தாங்க.

சரி, கசியுற இடத்தை சிமென்ட் வச்சு அடைச்சுட்டா? கூடவே கூடாது, வெளிய வர வழியில்லாம அழுத்தம் உள்ள சேர்ந்துக்கும். தண்ணியை விடணும், மண்ணைப் பிடிச்சு வைக்கணும். அதுக்குத்தான் மணல் வடிகட்டி, அதாவது கசிவு வர்ற வழியில போடுற மணல் அடுக்கு, எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான். அணை மண்ணுல எல்லா துகளையும் தடுக்க வேண்டியதில்ல, பெரிய துகள் கொஞ்சம் மாட்டினா போதும், அதுங்க போய் வடிகட்டியோட வாயில உக்காந்து அதைவிட சின்னதை மறிக்கும், அது இன்னும் சின்னதை மறிக்கும். மண்ணே மண்ணுக்குக் காவல்! சரியான மணலான்னு பாக்க ஒரு டெஸ்ட் இருக்கு, ஈர மணலை வாளியில அமுக்கி கவுத்து கோட்டை மாதிரி நிறுத்தி, சுத்தி தண்ணி ஊத்தணும். உடனே சரிஞ்சா நல்ல மணல், ஏன்னா நாளைக்கு விரிசல் விட்டா தானே சரிஞ்சு மூடிக்கும். அப்படியே விறைச்சு நின்னா தூக்கிப் போடுங்க, அதுல களிமண் மாதிரி ஒட்டுற நுண்துகள் இருக்கு.

அணை உடைஞ்சா பலி கேட்டுச்சுன்னு சொல்றவங்க இன்னும் இருக்காங்க, எனக்கு எரிச்சலா வரும். 2023 செப்டம்பர்ல டேனியல் புயல்ல லிபியாவோட டெர்னா நகரத்துக்கு மேல இருந்த 2 அணையும் போய் ஆயிரக்கணக்குல செத்தாங்க. பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கியும் வேலை நடக்கலன்னு அந்த நாட்டு தணிக்கை அறிக்கை 2021லயே சொல்லியிருக்கு. அதனால என்னைக் கேட்டா, கல் பதிப்புக்குக் கொஞ்சம் குறைச்சாலும் சரி, வடிகட்டிக்கும் கசிவை அளக்குற கருவிக்கும் குறைக்கவே கூடாது.

அந்த ஈரத்துல தண்ணி ஓடுதுன்னா ஒரு கண்ணாடி டம்ளர்ல பிடிச்சு வெளிச்சத்துல பாருங்க. தெளிவா இருந்தா தினமும் எவ்ளோ வருதுன்னு குறிச்சு வைங்க. கலங்கி, அடியில மண் படிஞ்சா, பொறியாளருக்கு போன் போட்டுகிட்டே மேட்டுப் பக்கமா நடங்க.