ஒரு கால் போதும், குளவியை அரைக்காதீர்கள்

மறுபடியும் அதே மாதிரிப் பட்டியல். வடதுருவப் பகுதி ஒட்டுண்ணிக் குளவிகளின் (மற்றப் பூச்சிகளின் உடலில் வளர்பவை) சிற்றினப் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. எடுத்துப் பார்க்க ஒரு குளவிகூட இல்லை. எல்லாவற்றையும் அரைத்து டிஎன்ஏ எடுத்தாகிவிட்டது. "பார்கோடு 99% பொருந்திவிட்டதே, உடல் எதற்கு?" என்கிறார்கள்.

பார்கோடு, அதாவது சிற்றினத்தை அடையாளம் காணப் படிக்கும் சிறு டிஎன்ஏ துண்டு, பெயர் சொல்வதில்லை. சிஓஐ என்ற ஒரு மரபணுவின் 658 டிஎன்ஏ எழுத்துகள் தரவுத்தளத்திலுள்ள இன்னொரு குளவியோடு ஒத்துப்போகின்றன, அவ்வளவுதான். அந்தக் குளவிக்குப் பெயர் எழுதியவர் ஒரு மனிதர். அவர் தவறியிருந்தால் உங்கள் பட்டியலும் தவறு. நாளை உங்களை நம்பி இன்னொருவரும் தவறுவார். சிற்றினங்களைப் பிரிக்க 2% வேறுபாட்டை எல்லையாக வைப்பது வசதிக்காக மட்டுமே. வடக்கின் பெரும்பகுதியில் பனிப்பாளம் விலகி ஏறத்தாழ 10,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. அதனால் அங்கே அண்மையில் பிரிந்த இரு சிற்றினங்களில் இந்த மரபணு ஒன்றுபோலவே இருக்கலாம். பூச்சிகளின் உடலுக்குள் வாழும் வோல்பாக்கியா பாக்டீரியா புகுந்துவிட்டால் குழப்பம் இன்னும் கூடும். கனடாவில் ஹட்சன் விரிகுடாக் கரையிலுள்ள சர்ச்சில் ஊரில் பார்கோடு ஏராளமான குளவி வகைகளைக் காட்டிக்கொடுத்தது உண்மை. ஆனால் அவை பார்கோடு ஒத்த கொத்துகள்தான், இனிமேல்தான் ஆராய்ந்து பெயரிடவேண்டும்.

நிறமும் துணைக்கு வராது. குளிர்ப்பகுதிகளில் ஒரே சிற்றினம் கருத்துப்போவது சகஜம்.

பிடித்தவுடன் 95% எத்தனாலில் போடுங்கள். பூச்சியின் ஈரம் அதை நீர்க்கச் செய்யும். மறுநாளே மாற்றி, −20 டிகிரியில் வையுங்கள். இடம், தேதி எழுதிய சீட்டு குப்பிக்குள்ளே இருக்கட்டும், பென்சில் எழுத்தில். மூடிமேல் எழுதினால் எத்தனால் பட்டு அழியும், எத்தனை முறை சொல்வது!

டிஎன்ஏவுக்கு எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து ஒரு காலை மட்டும் எடுங்கள். எத்தனாலிலிருந்து நேரே காயவைத்தால் இறகு சுருண்டு நரம்புகள் மறையும். முழுச்செறிவு எத்தனாலுக்கு மாற்றி, பிறகு ஹெக்சாமெத்தில்டைசிலசேன் என்ற உலர்த்தும் திரவத்தில் இருமுறை ஊறவைத்து உலர்த்துங்கள். அதன் ஆவி நச்சு, புகையுறிஞ்சிப் பெட்டிக்குள் மட்டுமே செய்யுங்கள். பின்னர் முக்கோண அட்டை நுனியில் ஒட்டுங்கள்.

முதலில் இரு பெருங்குடும்பங்களைப் பிரியுங்கள்: முன்னிறகில் இரண்டாம் மீள்நரம்பு (ஒரு குறுக்கு நரம்பு) இருந்தால் பெரும்பாலும் இக்நியூமோனிட், இல்லையென்றால் பிரகோனிட். கெலிஸ் என்ற இக்நியூமோனிட் பேரினத்தின் இறகில்லாத பெண்குளவிகளில் இது உதவாது. வயிற்றின் இரண்டாம், மூன்றாம் மேல்தகடுகளைப் பாருங்கள்: பிரகோனிட்டில் பெரும்பாலும் அவை இணைந்திருக்கும். மைக்ரோகேஸ்டரின்கள் என்ற பிரகோனிட் துணைக்குடும்பத்தில் உணர்கொம்புக் கணுக்களை எண்ணி நேரத்தை வீணாக்காதீர்கள், எல்லாவற்றுக்கும் 18தான்.

கம்பளிப்புழுவிலிருந்து குளவி வெளிவந்தால் புழுவின் தோலையும் அதே ஊசியில் சேர்த்து வையுங்கள். ஆண் மட்டும் கிடைத்தால், தயவுசெய்து, பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முட்டையிடும் குழலின் நீளம் தெரியாமல் பல பேரினங்களில் சிற்றினத்தை உறுதிசெய்ய முடியாது.