ரத்தத்தில் அடங்கிப்போன எச்.ஐ.வி. மூளையில் என்ன செய்கிறது?

கையகலப் பலகை ஒன்று. அதில் 25 துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு பக்கம் மட்டும் சின்ன வெட்டு இருக்கும். அது எந்தப் பக்கம் என்பது துளைக்குத் துளை மாறும். உலோகக் குச்சியை எடுத்து, விரல் நுனியிலேயே திருப்பி, வெட்டுக்கு நேராகச் செருக வேண்டும். எவ்வளவு சீக்கிரம் முடிகிறதோ அவ்வளவு நல்லது. எதிரே ஒருவர் நொடிகளை எண்ணிக்கொண்டிருப்பார்.

எச்.ஐ.வி. உள்ளவர்களின் மூளையை ஆராய்பவர்கள் வழக்கமாக வைக்கும் சோதனை இது. வைரஸை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒரு நாளும் தவறவிடாதவர், ரத்தத்தில் வைரஸே தெரியாத அளவுக்குக் குறைந்தவர், அப்படிப்பட்டவருக்கும் சில சமயம் இந்தப் பலகையில் விரல் தடுமாறுகிறது. ஏன்?

வைரஸ் மூளைக்குள் நுழைய அதிக நாள் எடுத்துக்கொள்வதில்லை. தாய்லாந்தில் நடந்து 2012-ல் வெளியான ஆய்வில், தொற்று ஏற்பட்டு சுமார் 8 நாட்களே ஆனவரின் மூளைத் தண்டுவட நீரிலும் வைரஸ் இருந்தது. ரத்தத்தில் சுற்றும் வெள்ளை அணுக்கள் சில தொற்றோடு மூளைக்குள் போகின்றன. வைரஸைச் சுமந்து செல்வது அவைதான். உள்ளே போனபின் அது நரம்பு செல்களைத் தொற்றுவதில்லை. மூளையின் காவல்காரர்களான மைக்ரோகிளியா செல்களில் குடியேறுகிறது. இவை பல ஆண்டுகள் உயிர்வாழ்பவை. வைரஸுக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

சரி, மாத்திரை ஏன் அதைத் தொடுவதில்லை? மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள தடுப்பு பல மருந்துகளை முழுதாக உள்ளே விடுவதில்லை என்பது ஒரு காரணம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. ஏ.ஆர்.டி. மருந்துகள் புது செல்கள் தொற்றப்படுவதைத் தடுக்கின்றன. ஏற்கெனவே ஒரு செல்லின் மரபணுவோடு கலந்துவிட்ட வைரஸ், 'டாட்' என்ற புரதத்தைத் தயாரிப்பதை அவற்றால் நிறுத்த முடியாது. அந்தப் புரதம் வெளியே கசிந்து, அக்கம்பக்கத்து நரம்பு செல்களைத் துன்புறுத்துகிறது, அழற்சியையும் தூண்டிவிடுகிறது. அடுப்பை அணைத்த பிறகும் புகை நிற்காத கதைதான்.

பாதிப்பு எவ்வளவு பரவலானது? அமெரிக்காவில் 1,555 பேரிடம் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டவர்கள் சோதனைகளில் ஏதோ ஒரு குறை காட்டினார்கள். டிமென்ஷியா, அதாவது மறதி நோய், அளவுக்குப் போனவர்கள் 2 சதவீதம் மட்டுமே. மதிப்பெண் குறைந்தாலே நோய் என்று முத்திரை குத்தக் கூடாது என்று 2023-ல் ஒரு சர்வதேச நிபுணர் குழு சொன்னது. அது நியாயமான பேச்சு. ஆனாலும் வங்கிப் படிவத்தை மூன்று தடவை திருத்தி எழுதுகிறவருக்கு அவருடைய சிரமம் உண்மையானது.

இதற்கு மருந்து தேடியவர்கள் நிறையத் தோற்றிருக்கிறார்கள். மெமன்டீன், மினோசைக்ளின் இரண்டையும் சோதித்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த பலன் இல்லை. உயிரோடு இருப்பவரின் மூளையை வெட்டிப் பார்த்து ஆராய முடியாது. முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும், ஒரே ஆட்களைப் பல ஆண்டுகள் பின்தொடர வேண்டும், இறந்தபின் தானமாகக் கிடைக்கும் திசுவைப் பாதுகாக்க வேண்டும். பணம் கரைவது இங்கேதான். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் பல ஆண்டுகள் தங்கள் நிதியில் சுமார் 10 சதவீதத்தை எச்.ஐ.வி. ஆய்வுக்கு ஒதுக்கின, அந்த வழக்கம் 2015 டிசம்பரோடு முடிந்தது. 2025-ல் நடந்துகொண்டிருந்த பல எச்.ஐ.வி. மானியங்களையே பாதியில் நிறுத்தினார்கள். பின்தொடரும் ஆய்வில் விழுந்த இடைவெளியைப் பிறகு எந்தப் பணத்தாலும் நிரப்ப முடியாது. இது எனக்கு வேதனையான விஷயம்.

பணம் ஒழுங்காக வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு கிரிப்டோகாக்கல் மூளைக்காய்ச்சல் சாட்சி. எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களின் மூளை உறையைத் தாக்கும் பூஞ்சை நோய் அது. ஆம்போடெரிசின் மருந்தை ஒரு வாரம் தினமும் ரத்தக் குழாயில் ஏற்ற வேண்டியிருந்தது. ஐரோப்பிய, பிரிட்டிஷ் நிதியில் 5 ஆப்பிரிக்க நாடுகளில் 'ஆம்பிஷன்' என்ற சோதனை நடந்தது. அந்த மருந்தை நுண்ணிய கொழுப்புத் துகள்களில் பொதிந்த லிபோசோம் வடிவத்தில், அதிக அளவில் ஒரே ஒரு தடவை ஏற்றி, கூடவே இரண்டு வாரம் இரண்டு வகை மாத்திரைகள் கொடுத்தார்கள். உயிரைக் காப்பதில் பழைய முறைக்கு அது குறைந்ததில்லை, பக்கவிளைவும் குறைவு. 2022-ல் முடிவு வெளியானது, அதே ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது.

மைக்ரோகிளியாவுக்கு அப்படி ஒரு விடை இன்னும் வரவில்லை. ஆனால் அமெரிக்காவின் சான் டியேகோவில் 'லாஸ்ட் கிஃப்ட்', அதாவது கடைசிப் பரிசு, என்ற பெயரில் ஒரு திட்டம் நடக்கிறது. எச்.ஐ.வி.யோடு வாழ்ந்து, வேறு நோயால் மரணத்தை நெருங்கியவர்கள் தங்கள் உடலை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிறார்கள். இறந்த 6 மணி நேரத்துக்குள் திசு எடுக்கப்படுகிறது. இப்படிக் கிடைத்த மூளைத் திசுவிலிருந்து மைக்ரோகிளியாவைப் பிரித்தெடுத்தவர்கள் 2023-ல் தெரிவித்தது: ஏ.ஆர்.டி. மாத்திரை வைரஸை ரத்தத்தில் அடக்கி வைத்திருந்தவர்களின் மூளையிலும், மீண்டும் பெருகக்கூடிய வைரஸ் உயிரோடு இருந்தது.