முறுக்கு போனால் என்ன, அச்சு இருக்கிறதே!

வியாசர்பாடியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்க கிரவுண்டுல காலைல ஆடு மேயுது, சாயங்காலம் பசங்க ஃபுட்பால் ஆடுறாங்க. நாலு மழை பெய்ஞ்சா புல்லு திரும்ப வந்துடுது, ஆனா கோல் போஸ்ட் முன்னாடி மட்டும் எப்பவும் மொட்டை. ஏன் சார்?"

செடி நுனியில் வளரும் என்று பள்ளியில் படித்திருப்போம். செம்பருத்தி நுனியை ஆடு கடித்தால் அந்த நுனி அதோடு சரி, கீழே ஏதாவது பக்கமொட்டு விழித்துக்கொண்டு கிளை விட வேண்டும். புல் வேறு கட்சி.

சின்ன வயதில் புல் தண்டைப் பிடித்து மெல்ல இழுத்திருப்பீர்கள். கீச்சென்று உருவிக்கொண்டு வரும், அடிமுனை வெள்ளையாக, மெத்தென்று, கடித்தால் லேசாக இனிக்கும். விஷயமே அந்த வெள்ளையில்தான். பாடப்புத்தகத்தில் இடை ஆக்குத்திசு என்பார்கள்: கணுவுக்குச் சற்று மேலே செல்கள் பிரிந்து பெருகும் இடம், இன்னும் கெட்டிப்படாததால்தான் அங்கே அறுகிறது. இலைக்கும் அடியில் இதே ஏற்பாடு உண்டு, ஆகவே புல்லிலையில் நுனிதான் கிழம், அடி குழந்தை. முறுக்கு அச்சைத் தலைகீழாகப் பிடித்து அழுத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆடு முறுக்கைத்தான் கடித்துக்கொண்டு போகிறது. அச்சு தரையை ஒட்டி, இலையுறைகளுக்குள் பத்திரமாக இருக்கிறது.

சந்தேகமிருந்தால், மிஷின் வைத்து வெட்டிய புல்லை நான்கு நாள் கழித்துக் குனிந்து பாருங்கள். வெட்டுப்பட்ட மழுங்கல் முனை அப்படியே இருக்கும், ஆனால் உயரத்தில்! புதுசாக நுனி முளைப்பதில்லை, பழைய வெட்டையே தூக்கிக்கொண்டு வளர்கிறது. எனக்கு இது இன்னும் அலுக்கவில்லை.

அருகம்புல்லுக்கு இதற்கு மேல் ஓடுதண்டும் உண்டு, கணுவுக்குக் கணு வேர்விட்டுப் பரவும். "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்று கல்யாணத்தில் வாழ்த்துகிறோம், அப்புறம் புல்வெளியைப் பார்த்தால் தரிசு என்கிறோம். நீலகிரியில் வரையாடு மேயும் புல்வெளிகளில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து சீகை (வாட்டில்) மரமும் யூகலிப்டஸும் நட்டு நிரப்பியதற்கு இந்தப் பார்வையும் ஒரு காரணம். மரம் நட்டால் எல்லாமே புண்ணியம் என்பது எனக்கு மூடநம்பிக்கையாகத்தான் படுகிறது.

சரி, கோல் போஸ்ட். ஆட்டின் பல் முறுக்கோடு நிற்கிறது, பூட்ஸ் அச்சையே நசுக்குகிறது. கோல்கீப்பர் தினமும் குதிக்கிற இடத்தில் மண் இறுகி, வேருக்குக் காற்றும் தண்ணீரும் சரியாகப் போவதில்லை. மழையில் இரண்டு வாரம் ஆட்டம் நின்றால் பாருங்கள், ஓரத்து அருகு மெதுவாக உள்ளே கால் நீட்டியிருக்கும்.